கிரெயின் பவுண்டரியே இல்லாத பிளேடு ஏன் நீளுது, கையில இருக்கிற 1100 டிகிரி டேட்டாவை என்ன பண்றது

உங்க கேள்வியை நான் எப்படி புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. "சிங்கிள் கிரிஸ்டல் நிக்கல் சூப்பர்அலாய்ல கிரெயின் பவுண்டரியே கிடையாது, அப்புறம் எப்படி கிரீப் வருது, என்கிட்ட 1100 டிகிரியில 137 மெகாபாஸ்கல்ல 300 மணி நேரம் ஓடி உடைஞ்ச டெஸ்ட் இருக்கு, லார்சன் மில்லர் போட்டு 850 டிகிரியில 20,000 மணி நேரம் தாங்குமான்னு சொல்லிடலாமா" இதுதானே. (புதுசா படிக்கிறவங்களுக்கு: பேச்சு ஜெட் என்ஜின் டர்பைன் பிளேடு பத்தி. உலோகத்துக்குள்ள இருக்கிற தனித்தனி படிகத் துண்டுதான் கிரெயின், அதுங்களுக்கு நடுவுல இருக்கிற எல்லை கிரெயின் பவுண்டரி, சிங்கிள் கிரிஸ்டல்னா முழு பிளேடும் ஒரே படிகம். கிரீப்னா லோடுல மெல்ல மெல்ல நீள்றது, லார்சன் மில்லர்ங்கிறது அதிக சூட்டு டெஸ்டை வெச்சு குறைஞ்ச சூட்டு ஆயுளை கணிக்கிற சூத்திரம்.) பாக்க ரெண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் ரெண்டுக்கும் அடியில ஒரே நினைப்புதான் இருக்கு, அதாவது கிரீப்னா ஒரே ஒரு விஷயம், சூடு ஏறினா வேகமா நடக்கும் இறங்கினா மெதுவா நடக்கும்னு. இந்த அலாய்ல அப்படி இல்ல. ஒரே பேர்ல மூணு வேற வேற ஆளு உள்ள வேலை பாக்குறாங்க, எந்த ஆளு எப்ப வருவான்னு தெரியாம கணக்கு போட்டா கணக்கு சரியா இருக்கும், விடை தப்பா இருக்கும்.

நான் பல வருஷம் கிரீப் ரிக் பக்கத்துல உக்காந்து வேலை பாத்தவன். டெஸ்டிங், அப்புறம் உடைஞ்ச துண்டை வெட்டி மைக்ரோஸ்கோப்ல பாக்குறது, இதுதான் என் ஏரியா. பிளேடு டிசைன், கோட்டிங் எல்லாம் பக்கத்துல நின்னு பாத்ததோட சரி, அந்த பக்கம் நான் சொல்றதை கொஞ்சம் குறைச்சே எடுத்துக்கோங்க.

சந்தேகமே இல்லாத விஷயத்துல ஆரம்பிக்கலாம். கிரீப்ங்கிறது உடையாத லோடுல, வளையக்கூட வளையாத லோடுல, சும்மா நேரம் போகப் போக உலோகம் நீண்டுக்கிட்டே இருக்கிறது. 1910லேயே ஆண்ட்ரேட் ஈயக் கம்பியை தொங்க விட்டு இதை முறையா அளந்துட்டார். ஈயத்துக்கு அறை வெப்பமே சூடுதான், ஏன்னா முக்கியமானது எத்தனை டிகிரிங்கிறது இல்ல, உருகுற வெப்பத்துல எத்தனை பங்கு, அதுவும் கெல்வின்ல. நிக்கல் 1455 டிகிரியில உருகும், அது 1728 கெல்வின், உங்க 1100 டிகிரி 1373 கெல்வின், ஆக 80 சதவீதம் கிட்ட வந்தாச்சு. அலாய் சேர்த்ததுக்கு அப்புறம் உருக ஆரம்பிக்கிற இடம் இன்னும் கீழ வந்துடும். அந்த சூட்டுல ஒரு உலோகம் லோடையே தாங்கி நிக்குதுங்கிறதுதான் அதிசயம், நீளுதுங்கிறது இல்ல. அந்த லோடும் லேசுப்பட்டது இல்ல, ஒரு பிளேடு 300 கிராம், மையத்துல இருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு, நிமிஷத்துக்கு 10,000 சுத்துன்னு வெச்சு கணக்கு போட்டு பாருங்க, வேர்ல வர்ற இழுவை சுமாரா 13 டன்.

கிரெயின் பவுண்டரி கிரீப்புக்கு ஒரு வழி, ஒரே வழி இல்ல. பவுண்டரி இருந்தா அது வழியா அணுக்கள் சீக்கிரம் ஓடும், கிரெயின் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், லோடுக்கு குறுக்க இருக்கிற பவுண்டரியில குட்டிக் குட்டி ஓட்டை விழுந்து ஒண்ணு சேர்ந்து விரிசல் ஆகும். சிங்கிள் கிரிஸ்டல் இந்த கதவு எல்லாத்தையும் அடைச்சிடுது. ஆனா கிரெயினுக்கு உள்ளேயே டிஸ்லொகேஷன் (அணு அடுக்குல கோடு மாதிரி ஓடுற பிசகு) இருக்கே, அதுக்கு பவுண்டரி தேவையே இல்ல, லோடும் கொஞ்சம் டிஃப்யூஷனும் (அணுக்கள் இடம் மாறுறது) இருந்தா போதும், நகரும், ஏறும், பெருகும்.

இங்க எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு பழைய விஷயம் இருக்கு, நிறைய பேர் இதை விட்டுடறாங்க. 1960கள்ல பிராட் அண்ட் விட்னில வெர்ஸ்னைடர் குழு கிரெயின் எல்லாம் லோடு திசையிலேயே நீளமா வளர்ற மாதிரி வார்த்தாங்க, பெரிய முன்னேற்றம் கிடைச்சுது. சரி இன்னும் ஒரு படி போய் ஒரே கிரெயினா வார்த்துடலாம்னு அதே அலாயை சிங்கிள் கிரிஸ்டலா வார்த்தா பெருசா லாபமே இல்ல! காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. கார்பன், போரான், சிர்கோனியம், ஹாஃப்னியம் எல்லாம் பவுண்டரியை கெட்டிப்படுத்த போட்டது, பவுண்டரியே இல்லைன்னா அதெல்லாம் எதுக்கு, அதைவிட மோசம் அதுங்க அலாய் உருக ஆரம்பிக்கிற வெப்பத்தை கீழ இழுத்து வெச்சிருந்துச்சு. அதை எடுத்துட்டு (முழுசா இல்ல, ஹாஃப்னியம் கொஞ்சமா இன்னும் இருக்கு) அலாயை புதுசா வடிவமைச்சதும் 1300 டிகிரி பக்கம் வரைக்கும் சூடாக்கி, வார்ப்புல ஒழுங்கில்லாம படிஞ்ச காமா பிரைமை (அலாயை கெட்டிப்படுத்துற கட்டம், கீழ சொல்றேன்) முழுசா கரைச்சு, மறுபடி ஒரே அளவுல சீரா படிய வைக்க முடிஞ்சுது. 1980களோட ஆரம்பத்துல விமான என்ஜினுக்குள்ள போனது இந்த மாதிரி அலாய்தான். அதனால "பவுண்டரி போச்சு, கிரீப் போச்சு"ங்கிறது பாதி உண்மை கூட இல்ல, பவுண்டரி போனதால கிடைச்ச சுதந்திரம்தான் நிஜ லாபம்.

அந்த காமா பிரைம்தான் இந்த கதையோட ஹீரோ. அலாய் உள்ள ரெண்டு கட்டம் இருக்கு, காமாங்கிறது சாதாரண நிக்கல் கரைசல், காமா பிரைம்ங்கிறது மூணு நிக்கலுக்கு ஒரு அலுமினியம்னு ஒழுங்கா அடுக்கின கட்டம். நல்லா ஹீட் ட்ரீட் பண்ண அலாய்ல அரை மைக்ரான் அளவு காமா பிரைம் கட்டிகள் 70 சதவீதம் வரைக்கும் இருக்கும், நடுவுல நூறு நானோமீட்டருக்கும் கம்மியான காமா சந்து. செங்கல் சுவர் மாதிரின்னு வெச்சுக்கோங்க, செங்கல் ரொம்ப கெட்டி, பூசின கலவை மெல்லிசு. டிஸ்லொகேஷன் காமாக்குள்ள சுலபமா போகும், காமா பிரைமுக்குள்ள தனியா போனா அணுக்களோட அடுக்கு கலைஞ்சிடும், அதனால ஜோடியாதான் போக முடியும், அதுக்கு செலவு அதிகம். இன்னொரு வினோதம், காமா பிரைம் 700, 800 டிகிரி வரைக்கும் சூடு ஏற ஏற இன்னும் கெட்டியாகும், சாதாரண உலோகம் எல்லாம் நேர் எதிர். ஜோடியா போற டிஸ்லொகேஷன் சூடு ஏறினா குறுக்கு தளத்துக்கு தாவி அங்கேயே மாட்டிக்குது, அதான் காரணம், இதுல இப்ப யாருக்கும் பெருசா கருத்து வேறுபாடு இல்ல.

இப்ப அந்த மூணு ஆளு. முதல் ஆளு 750 டிகிரி பக்கம், லோடு ரொம்ப அதிகமா இருக்கும்போது, 500 மெகாபாஸ்கலுக்கு மேல. இங்க டிஸ்லொகேஷன்கள் சந்துக்குள்ள ஒண்ணு சேர்ந்து ரிப்பன் மாதிரி ஆகி, பின்னாடி ஸ்டாக்கிங் ஃபால்ட்டை (அணு அடுக்கு வரிசை தப்பின தளம்) விட்டுக்கிட்டே காமா பிரைமை நேரா வெட்டிக்கிட்டு போகும். விளைவு என்னன்னா டெஸ்ட் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலேயே பல சதவீதம் நீண்டுடும், அப்புறம் தானா கெட்டியாகி நின்னுடும். முதல் தடவை இந்த கர்வை பாத்தப்ப எக்ஸ்டென்சோமீட்டர் (நீட்சியை அளக்குற கருவி) வழுக்கிடுச்சுன்னுதான் நினைச்சேன். இரண்டாவது ஆளு 850லேர்ந்து 950 வரைக்கும், நடுத்தர லோடு. இங்க டிஸ்லொகேஷன் சந்துக்குள்ள மட்டும்தான் ஓடும், கட்டிகளை வெட்டாது, ஆனா பெருகிக்கிட்டே இருக்கும், எவ்வளவு நீண்டிருக்கோ அவ்வளவுக்கு வேகமும் கூடும். புஸ்தகத்துல போட்டிருக்கிற அந்த நடுவுல நேர்கோடா போற ஸ்டெடி ஸ்டேட்டை இங்க தேடாதீங்க, இருக்காது, ஆரம்பத்துலேர்ந்தே கர்வ் மேல வளைஞ்சுக்கிட்டே போகும். இதுக்கு நார்ட்டன் சூத்திரம் (நிலையான கிரீப் வேகத்தை லோடோட இணைக்கிறது) போட்டு ஒரு மினிமம் ரேட்டை எடுத்து ரிப்போர்ட் எழுதறவங்களை பாத்தா பாவமா இருக்கும், நானும் எழுதியிருக்கேன்.

மூணாவது ஆளுதான் உங்க 1100 டிகிரி ஆளு, ராஃப்டிங். இதை கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா உங்க டேட்டா முழுக்க இவன் கையெழுத்துதான். காமாவோட அணு இடைவெளியும் காமா பிரைமோட இடைவெளியும் துல்லியமா ஒண்ணு இல்ல, நாம பேசுற அலாய்கள்ல காமா பிரைம் தம்மாத்துண்டு சின்னது, பத்துல ரெண்டு மூணு பங்கு சதவீதம்தான் வித்தியாசம், அதைத்தான் நெகட்டிவ் மிஸ்ஃபிட்னு சொல்றது. அந்த துளி வித்தியாசத்தால சந்துகள்ல லோடே இல்லாம கூட உள்ளுக்குள்ள அழுத்தம் இருக்கும். நீங்க இழுக்க ஆரம்பிச்சதும் லோடுக்கு குறுக்க இருக்கிற சந்துல ரெண்டும் சேர்ந்துக்கும், லோடு திசையிலேயே இருக்கிற சந்துல ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும். அதனால டிஸ்லொகேஷன் எல்லாம் முதல்ல குறுக்கு சந்துலதான் கூட்டம் போடும். இந்த சூட்டுல டிஃப்யூஷன் வேற வேகமா நடக்கிறதால நெட்டு சந்துல இருக்கிற காமா மெல்ல மெல்ல குறுக்கு சந்துக்கு போயிடும், காமா பிரைம் கட்டிகள் பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு லோடுக்கு குறுக்க தட்டு தட்டா ஆகிடும். 1150 பக்கம் இதுக்கு ஒரு நாள் கூட வேண்டாம். மிஸ்ஃபிட் பாசிட்டிவ்வா இருந்தாலோ, இழுக்காம அமுக்கினாலோ தட்டு லோடு திசையிலேயே வளரும், இது பல தடவை சோதிச்சு உறுதியானது.

ராஃப்டிங் நல்லதா கெட்டதான்னு கேட்டா சண்டையே வரும். என் பார்வையில ரெண்டும்தான், இடத்தை பொறுத்து. 1100க்கு மேல லோடு கம்மியா இருந்தா நல்லது, ஏன்னா டிஸ்லொகேஷன் சுத்திப் போற வழி அடைஞ்சு போச்சு, தட்டோட மேல்முகத்துல டிஸ்லொகேஷன் வலை ஒண்ணு பின்னிக்கும், அந்த வலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மெதுவா நீளும். அதான் உங்க கர்வ்ல நூறு மணி நேரத்துக்கும் மேல கிட்டத்தட்ட ஒண்ணுமே நடக்காம படுத்திருந்து, கடைசியில திடீர்னு எகிறியிருக்கும், சரிதானே? அந்த கடைசி எகிறல்ல வார்ப்புலேயே இருந்த குட்டி ஓட்டைங்களுக்கும் பங்கு இருக்கு, தட்டு அமைப்பு குலைஞ்சு காமா பிரைம் தொடர்ச்சியாகவும் காமா தனித்தனி தீவாவும் மாறிப் போறதுக்கும் பங்கு இருக்கு, எதுக்கு எவ்வளவுங்கிறது அலாய்க்கு அலாய் மாறும். ஆனா அதே ராஃப்டிங் 900, 950ல மெதுவா நடக்கும்போது சந்து அகலமாகி டிஸ்லொகேஷனுக்கு ரோடு போட்டு குடுத்த மாதிரி ஆகிடும், அங்க அது கெடுதல்.

ரெனியம்ங்கிற உலோகத்தை அலாய்ல சேர்க்கிறது பத்தி நீங்க கேக்கலை, ஆனா சந்தேகமான விஷயம்னா எப்படி இருக்கும்ங்கிறதுக்கு அது நல்ல உதாரணம். முதல் தலைமுறை சிங்கிள் கிரிஸ்டல் அலாய்ல ரெனியம் கிடையாது, சிஎம்எஸ்எக்ஸ்-4 மாதிரி இரண்டாவது தலைமுறையில 3 சதவீதம், மூணாவதுல 6 பக்கம், நாலாவதுல அதோட ருத்தீனியமும் சேந்துச்சு. ரெனியம் போட்டா கிரீப் நல்லா குறையுது, இது உறுதி. ஏன்ங்கிறதுல தான் வம்பு. ரொம்ப நாளா ரெனியம் அணுக்கள் கூட்டம் கூட்டமா சேர்ந்து டிஸ்லொகேஷனை தடுக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் அணு அணுவா பாக்குற கருவிகள் வந்ததும் அப்படி கூட்டம் எதுவும் நம்புற மாதிரி கிடைக்கல. நிக்கலுக்குள்ள ரெனியம் ரொம்ப ரொம்ப மெதுவா நகருதுங்கிறதும், டிஸ்லொகேஷன் கூடவே ஒட்டிக்கிட்டு அதை இழுத்துப் பிடிக்குதுங்கிறதும் இப்ப அதிகமா ஒத்துக்குற பதில், நானும் அந்த பக்கம்தான். அளவு மீறினா டிசிபின்னு சொல்ற ஊசி ஊசியான கட்டங்கள் முளைச்சு ரெனியம், டங்ஸ்டன் எல்லாத்தையும் தின்னுடும், அதை அடக்கத்தான் ருத்தீனியம்.

சரி, லார்சன் மில்லர். 1952ல வந்தது, கெல்வின் வெப்பத்தை, 20 கூட்டல் மணி நேரத்தோட லாக், இதால பெருக்குறது, வர்ற எண்தான் பாராமீட்டர். உங்க 300 மணி நேரத்தை அதுல போட்டா 30,861 வருது, அதை அப்படியே 850 டிகிரிக்கு மாத்தினா அதே 137 மெகாபாஸ்கல்ல 3 கோடி மணி நேரம், அதாவது மூவாயிரத்து சொச்சம் வருஷம்! இந்த நம்பரை பாத்து சந்தோஷப்படாதீங்க, 850ல உங்க பிளேடுல 137 மெகாபாஸ்கல் இருக்காது, அதைப்போல மூணு மடங்கு இருக்கலாம். இப்ப திருப்பி பாருங்க. 850ல 20,000 மணி நேரத்துக்கு பாராமீட்டர் 27,290. அதே பாராமீட்டர் 1100 டிகிரியில வரணும்னா உங்க துண்டு 45 நிமிஷத்துல உடையணும். 300 மணி நேரம் ஓடின டெஸ்ட்டும் 45 நிமிஷத்துல உடையவேண்டிய டெஸ்ட்டும் ஒரே கர்வோட ஒரே பக்கத்துல கூட இல்ல. அதுக்கு மேல அந்த 45 நிமிஷ டெஸ்டை நீங்க நிஜமாவே பண்ணாலும், 1100ல காமா பிரைம் கொஞ்சம் கரைஞ்சு அளவு குறைஞ்சிருக்கும், 850ல இருக்கிற அலாயும் அதுவும் உள்ளுக்குள்ள ஒண்ணு இல்ல. கணக்கு பிசகலை, ஆனா மூணாவது ஆளோட வாக்குமூலத்தை வெச்சு இரண்டாவது ஆளு மேல தீர்ப்பு எழுதறீங்க.

அதனால 1100 டேட்டாவை தூக்கி போட வேண்டாம், பிளேடோட நுனிப் பக்கம், சூடு அதிகம் இழுவை கம்மி, அந்த இடத்துக்கு அது பயன்படும். வேர் பக்கம் சூடு கம்மி இழுவை அதிகம், அங்க முதல் ஆளு. நடுவுல இரண்டாவது ஆளு. ஒரே பிளேடுல மூணு பேரும் ஒரே நேரத்துல குடியிருக்காங்க. டிசைன் பண்றவங்க ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா பாக்குறது இதனாலதான். உங்க 850 டிகிரி கேள்விக்கு நேரா பதில் வேணும்னா 900லயும் 950லயும் டெஸ்ட் போடுங்க, பிளேடுல வரப்போற அதே லோடுல. 20,000 மணி நேரத்துக்கு சமமா 900ல சுமாரா 1,840 மணி நேரம், 950ல 200 மணி நேரம் வரணும். 950 துண்டு 200 தாண்டி, 900 துண்டு 1,200லேயே போச்சுன்னா 20ங்கிற அந்த எண் உங்க அலாய்க்கு பொருந்தலைன்னு அர்த்தம், டேட்டாலேர்ந்தே அந்த எண்ணை எடுத்துக்கோங்க. 850லயே ஒண்ணு ரெண்டு டெஸ்டை நீளமா ஓட விடுங்க, கையில இருக்கிற நீளமான டெஸ்ட்டைப் போல மூணு மடங்குக்கு மேல நேரத்தை இழுக்காம இருக்கிறதுதான் இந்த தொழில்ல பொதுவான பழக்கம். உடையற நேரத்தை மட்டும் எழுதாம 1 சதவீதம் நீள எத்தனை மணி நேரம்னும் எழுதுங்க, பிளேடு உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே கேஸிங்ல (சுத்தி இருக்கிற கூடு) உரசிடும்.

டெஸ்ட் போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு ஓரியன்டேஷன், லாவே (படிகம் எந்த திசையில நிக்குதுன்னு காட்டுற எக்ஸ்ரே படம்) எடுத்து ஒவ்வொரு துண்டும் 001லேர்ந்து (லோடு திசையில இருக்க வேண்டிய படிக திசை) எத்தனை டிகிரி, எந்த பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு பாருங்க. வார்ப்புல பொதுவா 10லேர்ந்து 15 டிகிரி வரைக்கும் விடுவாங்க. 1100ல அது பெருசா தெரியாது, 750ல ரெண்டு துண்டு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி நடந்துக்கும், உடைஞ்ச துண்டோட வட்டம் முட்டை வடிவமா ஆகியிருந்தா ஒரே ஒரு ஸ்லிப் சிஸ்டம்தான் (டிஸ்லொகேஷன் வழுக்குற தளமும் திசையும்) வேலை பாத்துச்சுன்னு புரிஞ்சுக்கலாம். இரண்டாவது வெப்பம். ஒரு தடவை எனக்கு வரிசையா அஞ்சு துண்டு எதிர்பார்த்ததை விட ரொம்ப நல்லா ஓடுச்சு, ஹீட் ட்ரீட்மென்ட் மாத்தினதாலதான்னு முடிவு பண்ணி ரிப்போர்ட்டும் எழுதி குடுத்துட்டேன், அப்புறம் சந்தேகம் வந்து பிளாட்டினம் தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்குற கம்பி) வெச்சு பாத்தா பழைய கே டைப் தெர்மோகப்பிளோட அளவு பிசகிப் போய் இருக்கிறதை விட 12 டிகிரி அதிகமா காட்டிக்கிட்டு இருந்துச்சு. முழுக்க என் தப்பு. 950ல 206 மணி நேரம் ஓட வேண்டியது வெறும் 10 டிகிரி சூடு கூடினா 136 ஆகிடும், போட்டு பாருங்க, எந்த ஹீட் ட்ரீட்மென்ட்டும் அவ்வளவு சுலபமா மூணுல ஒரு பங்கை தூக்கிக் குடுக்காது.

கடைசியா ஒண்ணு, நீங்க டெஸ்ட் பண்ணது தடி கம்பியா இருக்கும், பிளேடோட சுவர் உள்ள குளிர்விக்கிற துளைகள் எல்லாம் போக ஒரு மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கலாம். அவ்வளவு மெல்லிசா போனா அதே லோடுல கிரீப் லைஃப் குறையுதுன்னு பல இடத்துல பாத்திருக்காங்க, மேல்தோல்ல ஆக்ஸிடேஷன் அலுமினியத்தை தின்னு காமா பிரைம் இல்லாத ஒரு அடுக்கு உருவாகிறது ஒரு காரணம், அது மட்டும்தானாங்கிறதுல இன்னும் ஒத்த கருத்து இல்ல. அதனால 900 டிகிரி செட்ல ரெண்டு துண்டையாவது மெல்லிசா வெட்டி போடுங்க, பாதியில நிறுத்தின ஒரு துண்டையும் வெட்டி பாலிஷ் பண்ணி சந்து அகலமாகியிருக்கா, கட்டிகள் ஒட்ட ஆரம்பிச்சிருக்கான்னு பாருங்க, படம் கிடைச்சா இங்கேயே போடுங்க, எந்த ஆளுன்னு பாத்து சொல்றேன்.